மறைந்துபோகிற கோடு

ஆகஸ்ட் 11

செண்பகம் விழுந்துவிட்டாள். சாரல் பிடித்துக்கொண்டதே என்று கொல்லைக்குத் துணி எடுக்க ஓடியவள், பாசிக் கல்லில் கால் வைத்திருக்கிறாள். வலது மணிக்கட்டு முறிவு. மாவுக்கட்டு போட்டாகிவிட்டது. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாதாம். மகள் வாணி கல்யாணம் இந்த மாதம் முப்பதாம் தேதி. கடவுளுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வலியில் துடித்துக்கொண்டிருந்தபோதும் அவள் முகம் பளிச்சென்றுதான் இருந்தது. ஊசி போட வந்த டாக்டரிடம், "எங்க வீட்டுக்காரி முகத்துல பவுடர்கூட கிடையாது டாக்டர், எல்லாம் இயற்கை" என்றேன். அதை எதற்கு இப்போது சொல்கிறாய் என்பதுபோல அவர் பார்த்தார். வாய் பழகிவிட்டது, என்ன செய்ய? தென்காசியில் என் பெயிண்ட் கடையைத் தெரியாதவர்கள் இருக்கலாம், என் வசனத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. "பெயிண்ட் விக்கிறவன் சொல்லுதேன், பெயிண்டு சுவருக்குத்தான், முகத்துக்கு இல்ல." எந்தக் கல்யாண வீட்டிலும் இதைச் சொல்லிவிட்டு செண்பகத்தைக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

ஆகஸ்ட் 12

காபி நான் போட்டேன். இதை யாராவது படித்தால் நம்ப மாட்டார்கள்.

செண்பகம் முகம் முழுக்க மஞ்சள் பத்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். விழுந்ததில் கன்னம் வலிக்கிறதாம். இடது கையால் பூசியதால் காதெல்லாம் மஞ்சள்.

ஆகஸ்ட் 13

இன்றைக்கும் பத்து. ஜன்னலைத் திறக்க விடவில்லை, கண் கூசுகிறதாம். மணிக்கட்டு உடைந்தால் கண் ஏன் கூச வேண்டும்? கேட்டால் கோபம் வருகிறது. கடையில் ஒரு டின் பச்சையைத் தப்பாகக் கலந்து தொலைத்தேன். எனக்கு இப்படி நடந்ததே இல்லை.

ஆகஸ்ட் 14

எழுதவே கை வரவில்லை.

காலையில் காபியோடு உள்ளே போனேன். குளித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முகத்தை மறைத்திருந்த துண்டு ஒரு பக்கம் நழுவியிருந்தது. மேகம் விலகி கிழக்கு ஜன்னல் இடுக்கில் வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. இரண்டு கன்னத்திலும், நெற்றியிலும், மேலுதட்டின் மேலும் திட்டுத் திட்டாகக் கருப்பு. டம்ளர் என் கையிலிருந்து விழுந்தது. அவள் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு, "வெளிய போங்க" என்று கத்தினாள். என்னிடம் அவள் கத்தி நான் கேட்டதே இல்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த வலி மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் எவ்வளவு தடுத்தும் கேட்காமல், முந்தானையால் முகத்தை மூடி, ஆட்டோவில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை அட்டையை மேஜை மேல் எறிந்தேன். "என் பொண்டாட்டி முகத்தைக் கருக்கிட்டானுவ, கேஸ் போடப் போறேன்" என்று சத்தம் போட்டேன். டாக்டரம்மா சின்ன வயது. என்னைக் கண்டுகொள்ளாமல் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்.

"எவ்வளவு காலமா இருக்கும்மா?"

செண்பகம் தரையைப் பார்த்துக்கொண்டு, "எம் மக பொறந்ததுல இருந்து" என்றாள்.

வலி மாத்திரை மயக்கத்தில் உளறுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"இது மங்கு சார்" என்றார் டாக்டரம்மா. "கர்ப்பமா இருக்கும்போது சிலருக்கு வரும். சிலருக்குப் போகாது. மாத்திரைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு, வீட்டுக்காரரா?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 15

கொடியேற்ற வரச்சொல்லி கூப்பிட்டார்கள், போகவில்லை.

தையல் டப்பாவைத் திறந்து காட்டினாள். மேல் தட்டில் நூல்கண்டு. கீழ்த் தட்டில் தோல் நிறத்தில் குழம்பு ஒரு குப்பி, ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒரு சிமிழ், முட்டை மாதிரி ஒரு பஞ்சு. தினமும் நான் எழுவதற்கு முன்னால் எழுந்து, குளித்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுவிட்டுத்தான் வெளியே வருவாளாம். ஈரத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காபி கொண்டுவருவாளே, "குளிச்ச முகம் எவ்வளவு நல்லாருக்கு பாரு" என்று நான் சொல்வேனே, அந்த முகம்.

வாணிக்கு எட்டாம் வகுப்பிலேயே தெரியுமாம். சென்னையில் வேலைக்குப் போனதிலிருந்து அவள்தான் வாங்கி அனுப்புகிறாள். "புத்தகம்" என்று வரும் கூரியர் பார்சலை எல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தவன் நான். செண்பகம் என்றைக்குப் புத்தகம் படித்தாள் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

"எதுக்குட்டி மறைச்ச? எங்கிட்டப் போயி?"

"நீங்க ஊரெல்லாம் சொல்லிட்டிய. அதைப் பொய்யாக்கச் சொல்லுதியளா?"

கடைக்குப் போய்விட்டேன். ஒரு சுவரின் நிறத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், ஒரு மாதம் கழித்தும் அதே நிறத்தைக் கலந்து தருவேன் என்று பெயர் எடுத்தவன். கண்ணா இது, புண்ணா?

ஆகஸ்ட் 17

கல்யாண மேடைக்கு வர மாட்டாளாம். தாரை வார்த்துக் கொடுக்க என் தங்கச்சியைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறாள். காய்ச்சல் என்று சொல்லிவிடலாமாம்.

"ஒத்த மகளுக்கு அம்மா இல்லாமக் கல்யாணமா?" என்றேன்.

"இந்த முகத்தோட வந்தா, உங்க பக்கத்துல நிக்க முடியாது. எல்லாரும் என்னப் பாக்க மாட்டாவ, உங்களத்தான் பாப்பாவ."

பார்லர் பெண்ணைக் கூப்பிடலாம் என்றேன். அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி என்றாள். வாணி கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் வருகிறாள். மறுநாள் அவள் மணப்பெண், அவளை ஒருவர் அலங்காரம் செய்துகொண்டிருக்கும்போது அவள் எப்படி அம்மாவைக் கவனிப்பாள்?

"அப்ப நான் போட்டு விடுதேன்."

"எதை?"

"மேக்கப்பை."

முதல் தடவையாகச் சிரித்தாள். "ரோலர் கொண்டு வாங்க" என்றாள்.

ஆகஸ்ட் 18

முதல் முயற்சி. விவரிக்கும்படியாக இல்லை. கருந்திட்டின் மேல் நேராகக் குழம்பை அப்பினேன். சாம்பல் பூத்தது. இன்னும் அப்பினேன். சிமெண்டுச் சுவர் ஆகிவிட்டது. கண்ணாடியைப் பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். அழுததில் எல்லாம் வழிந்து தாலிக்கயிறு வரை போனது.

குப்பியும் காலி.

ஆகஸ்ட் 19

மத்தியானம் கடையில் உட்கார்ந்திருந்தபோது பளிச்சென்று உறைத்தது. ஈரம் ஊறிக் கறைபட்ட சுவருக்கு நேராக வெள்ளை அடிப்போமா? அடித்தால் சாம்பலாகத்தானே தெரியும்? கறையை அடக்க முதலில் ஒரு பூச்சு வேண்டும். அந்த ஆரஞ்சுச் சிமிழ் அதற்குத்தான். வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். "நேத்தே சொன்னேன்ல்லா, நீங்க எங்க கேட்டிய?" என்றாள். சொன்னாளாம். ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 20

திருநெல்வேலி போய் புதுக் குப்பி வாங்கி வந்தேன். அவளைக் கூட்டிப்போகவில்லை. எதற்கு? எனக்குத்தான் நிறம் மனதில் நிற்குமே. விற்கிற பெண் இருபது குப்பியை எடுத்துப் போட்டாள். ட்யூப் லைட்டில் நிறம் பார்க்கக் கூடாது என்று அவளுக்கு நான் பாடம் எடுத்தேன். எல்லாவற்றையும் வாசலுக்குத் தூக்கிப்போய் வெயிலில் பார்த்து, கண்ணை மூடி செண்பகத்தின் முகத்தை நினைத்துப் பார்த்து, இதுதான் என்று ஒன்றை எடுத்தேன். துளியும் சந்தேகம் இல்லை.

வீட்டில் அவள் தாடையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு இழுத்த மாதிரி நின்றது. இரண்டு படி வெளுப்பு. தேய்த்துப் பார்த்தேன், காயவிட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

செண்பகம் கைக்கண்ணாடியில் அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது நீங்க பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு இருந்த நிறம்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் பார்த்த முகம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேனே, நான் பார்த்ததெல்லாம் எதை?

ஆகஸ்ட் 22

இன்று அவளையும் கூட்டிப்போனேன். பஸ்ஸில் முந்தானையை எடுக்கவே இல்லை. கடை வாசலில், நல்ல வெயிலில், "கொஞ்சம் எடு, செண்பகம்" என்றேன். எடுத்தாள். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அவள் என் தோளோடு ஒண்டி நின்றுகொண்டாள்.

தாடை ஓரத்தில் மூன்று கோடு, கழுத்தைத் தொடும்படி. முகத்துக்கு நிறம் பார்க்கக் கூடாதாம், முகம்தான் திட்டாக இருக்கிறதே. கழுத்துக்குப் பார்க்க வேண்டுமாம். இது அவள் சொன்னது. கால் மணி நேரம் காத்திருந்தோம், காய்ந்தால் நிறம் மாறும். இது நான் சொன்னது. ஒரு கோடு வெளுப்பாகவே நின்றது. ஒன்று சிவந்து தெரிந்தது. நடுக்கோட்டைத் தேடினேன், காணோம். போட்ட இடமே தெரியவில்லை.

"மறைஞ்சு போச்சா?" என்றாள்.

"போச்சு."

"அப்ப அதுதான்."

திரும்பி வரும்போது இரண்டு பேரும் இஞ்சி டீ குடித்தோம். முந்தானையை விலக்கித்தான் குடித்தாள். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி பார்த்தேன்.

ஆகஸ்ட் 25

தினமும் காலையில் பயிற்சி. எனக்குக் கொஞ்சம் கை வந்திருக்கிறது. நடுவில் மறந்துவிடாமல் இருக்க இங்கே எழுதி வைக்கிறேன். ஆரஞ்சை திட்டின் மேல் மட்டும், பயறு அளவு. விரல் சூட்டில் உருகட்டும். பஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு, ஒற்ற வேண்டும், இழுக்கக் கூடாது. நான் பெயிண்ட் அடிக்கிற ஆட்களிடம் பிரஷ்ஷை "இழு, இழு" என்று கத்தியே பழகிவிட்டேன், இங்கே இழுத்தால் அடிப்பூச்சு பெயர்ந்து வந்துவிடுகிறது. முகம் முழுக்கப் பூசவே கூடாது. தேவையான இடத்தில் மட்டும் போட்டு ஓரத்தைக் கரைத்துவிட வேண்டும். மூக்கு நுனியையும் கண்ணோரச் சுருக்கத்தையும் தொடவே கூடாது, அங்கே அவளுடைய தோல் தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் மற்றதும் தோல் என்று ஆட்கள் நம்புவார்கள். பவுடர் நெற்றியிலும் மூக்கோரத்திலும் மட்டும், இருக்கிறதா இல்லையா என்கிற அளவு.

இடது புருவத்துக்குள் அவளுக்கு ஒரு மச்சம் இருக்கிறது. இன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 30

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

மண்டபத்து அறையில் ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டு, கதவைத் தாழிட்டு, வேட்டியில் கறை படாமல் துண்டு கட்டிக்கொண்டு போட்டுவிட்டேன். வெளியே நாதஸ்வரம். "முகத்தைத் தூக்கு" என்றால் தூக்கினாள், "கண்ணை மூடு" என்றால் மூடினாள். முடித்ததும் கண்ணாடியைக் காட்டினேன். என் இடுப்புத் துண்டின் நுனியைப் பிடித்து என் கையைத் துடைத்துவிட்டாள்.

மேடையில் என் பக்கத்தில் நின்றாள். தாரை வார்க்கும்போது கட்டுப்போட்ட கையையும் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

பந்தியில் பழைய வாடிக்கையாளர் ஒருவர், "என்ன அண்ணாச்சி, மதினி முகம் வழக்கம்போல ஜோரு. வசனத்தைக் காணோம்?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். எதிர் வரிசையில் செண்பகம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரசம் விட்டுக்கிட்டியளா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31

மறுவீடு. பொண்ணும் மாப்பிள்ளையும் நேற்று மாலையே வந்து இங்கேதான் தங்கினார்கள். மாப்பிள்ளை சுதன் தங்கமான பையன். அதில் எனக்குக் குறையே இல்லை. அதனால்தான் இன்று நடந்தது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

காலையில் மாப்பிள்ளையும் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். செண்பகத்துக்கு நான் விடியும்போதே போட்டுவிட்டிருந்தேன். வாணி ஈரத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தோசை கொண்டுவந்தாள்.

"மாமா, ஒண்ணு சொல்லணும்" என்றார் சுதன். "எனக்கு இந்த மேக்கப்பே பிடிக்காது. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே வாணிகிட்ட சொல்லிட்டேன். இப்பப் பாருங்க, குளிச்சிட்டு வந்து நிக்கா. முகத்துல ஒண்ணுமே கிடையாது. எங்க ஆபீஸ்ல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன், எனக்கு வரப்போற பொண்டாட்டி பவுடர்கூட போட மாட்டான்னு. உங்க வளர்ப்பு மாமா."

நான் பெருமையோடுதான் மகளைப் பார்த்தேன். அவள் குனிந்து சட்னி விட்டாள். ஜன்னல் வெளிச்சம் அவள் காதுக்குக் கீழே விழுந்தது. விரலகலத்துக்கு அங்கே நிறம் கழுத்தோடு சேராமல் நின்றது. அவசரத்தில் ஓரத்தைக் கரைக்காமல் விட்டிருக்கிறாள்.

ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் எனக்குத் தெரிந்திருக்காது. நான் வாணியைப் பார்த்தேன். வாணி அவள் அம்மாவைப் பார்த்தாள். செண்பகம் சட்னிக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"மாப்ளே, இவ காலைல எப்ப எந்திரிச்சா?"

"தெரியல மாமா. நான் முழிக்கும்போது குளிச்சிட்டு வந்துட்டா."

"உங்க அத்தையும் அப்படித்தான்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "வாணி பொறந்ததுல இருந்து உங்க அத்தைக்கு முகத்துல மங்கு. எனக்கே இந்த மாசம்தான் தெரியும். இன்னைக்கு அவளுக்கு மேக்கப் போட்டது நான்தான். நேத்து மண்டபத்துல போட்டதும் நான்தான்."

செண்பகம் எழுந்தாள். கொல்லைக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம் விழுந்துகொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திட்டு, மச்சம், எல்லாம் தெரிந்தது. தட்டை இடது கையால் எடுத்து, "மாப்ளைக்கு இன்னொரு தோசை வைக்கட்டுமா?" என்றாள்.

சுதன் தலையை ஆட்டினார். வைக்கவா வேண்டாமா என்று அதிலிருந்து தெரியவில்லை. வாணி அழுதுகொண்டே அறைக்குள் போனாள். சற்று நேரம் கழித்து அவரும் எழுந்து அவள் பின்னால் போனார்.

நான் நல்லது செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். இதை நேர்மையாகவே எழுதுகிறேன். அவர்கள் கிளம்பிப் போன பிறகு செண்பகத்திடம், "மகளுக்காகத்தான் சொன்னேன்" என்றேன்.

"எங்கிட்டக் கேட்டியளா?" என்றாள்.

"என்ன?"

"எம் முகத்தைப் பத்திச் சொல்ல எங்கிட்டக் கேட்டியளா? அன்னைக்கு ஊர்ல சொல்லும்போதும் கேக்கல. இன்னைக்கும் கேக்கல."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 1

பேசவில்லை.

செப்டம்பர் 2

பேசவில்லை. காபி நான் போட்டுக் கதவருகில் வைத்தேன். எடுத்துக் குடித்தாள்.

செப்டம்பர் 6

கடை ஆட்கள் கொல்லைக் கல்லைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போனார்கள். "இப்பவாவது தோணிச்சே" என்றாள் செண்பகம். அவ்வளவுதான் என்றாலும் பேச்சுதானே.

செப்டம்பர் 22

கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து வெளுத்திருக்கிறது. நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள். "இந்த ஷேடு எதுல சேத்தி?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 27

காலையில் சுதன் கூப்பிட்டார். வாணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். பருவ வயதில் வந்த பருக்களின் தழும்பு அவளுக்கு இரண்டு கன்னத்திலும் இருக்கிறதாம். எனக்கு இதுவும் புதுச் செய்தி.

"மாமா, அவளுக்கு நானே நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம்னு பாக்கேன். போன்ல நாப்பது நிறம் காட்டுது, தலை சுத்துது. அவகிட்டச் சொல்லாதீங்க, அப்படியே கொண்டுபோய்க் குடுத்து ஆச்சரியப்படுத்தணும். நிறத்தை எப்படி மாமா கண்டுபிடிக்கிறது?"

எனக்கு வாய் துறுதுறுத்தது. தாடை, கழுத்து, வெயில், காயவிடுவது, எல்லாம் நுனி நாக்கில் வந்து நின்றது. செண்பகம் எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், வலது கையால்.

"மாப்ளே" என்றேன், "மொதல்ல அவகிட்டக் கேளுங்க. வேணுமா, வேண்டாமான்னு. ஞாபகத்துல வச்சு வாங்கினா தப்பாத்தான் போகும்."

போனை வைத்தபோது செண்பகம் நறுக்குவதை நிறுத்தியிருந்தாள். "பரவால்லயே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள்.

இப்போது இதை எழுதும்போது பக்கத்தில்தான் இருக்கிறாள். இன்று முகத்தில் ஏதாவது போட்டிருந்தாளா இல்லையா என்பதை எழுதலாமா என்று கேட்டேன்.

வேண்டாம் என்றாள். எழுதவில்லை.